கோவை - ஷார்ஜா: பறப்பது 4 மணி நேரம்... டிக்கெட்டில் இரண்டரை மணி நேரம்! எப்படி?

திருப்பூர்:

"ஏனுங்க, ராத்திரி ஒன்பதரைக்கு பிளேன் ஏறிட்டான். நாலு மணி நேரம்னு சொன்னாங்க. அப்போ ஒன்றரைக்கு எறங்கணும் இல்லீங்களா? ரெண்டரை ஆகியும் ஆளைக் காணோம். போனும் சுவிட்ச் ஆப். எங்களுக்கு உசுரே போயிருச்சுங்க."

அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு டீக்கடையில் கட்டிங் மாஸ்டர் ஒருவர் சொன்ன கதை இது. வீட்டில் அம்மா இறந்துவிட்டார். தம்பி ஷார்ஜாவில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் வேலை. தகவல் போன அன்று ராத்திரியே டிக்கெட் போட்டு கிளம்பிவிட்டார். அவரை அழைத்து வர அண்ணனும் மாமாவும் காரில் கோவை விமானநிலையம் போய் 1 மணிக்கே நின்றுவிட்டார்கள்.

1.30 ஆனது. 2 மணி ஆனது. 2.30 ஆனது. தம்பி வரவில்லை. வீட்டில் இருந்து நிமிஷத்துக்கு ஒரு போன். "விமானத்துக்கு ஏதாவது ஆயிடுச்சா?" என்று அக்கா அழ ஆரம்பித்துவிட்டார். துக்க வீட்டில் இன்னொரு துக்கமா என்று எல்லோருக்கும் கை கால் நடுங்கியது.

கடைசியில் சரியாக 3 மணிக்கு விமானம் தரை இறங்கியது. தம்பி 3.50-க்கு பெட்டியோடு வெளியே வந்தார். விமானம் ஒரு நிமிஷம் கூட தாமதம் இல்லை. தப்பானது வீட்டுக்காரர்கள் போட்ட கணக்குதான்.

ஒன்றரை மணி நேரம் எங்கே போனது? இதைத்தான் இந்த கட்டுரையில் பார்க்கப்போகிறோம். வளைகுடாவில் அண்ணன், தம்பி, மச்சான் யாராவது இருக்கும் வீட்டுக்காரர்கள் கட்டாயம் படியுங்கள்.

முதலில் தூரம் எவ்வளவு?

கோவை பீளமேடு விமானநிலையத்தில் இருந்து ஷார்ஜா விமானநிலையத்துக்கு ஆகாய வழியில் சுமார் 2,770 கி.மீ. தூரம். சென்னைக்கு சுமார் 400 கி.மீ. தான். அதாவது கோவை - சென்னை தூரத்தைப்போல கிட்டத்தட்ட 7 மடங்கு. சிங்கப்பூர் இன்னும் கொஞ்சம் தள்ளி. அது சுமார் 3,160 கி.மீ.

இந்த தூரத்தை எப்படி அளக்கிறார்கள்? ரோட்டில் மைல் கல் நட்டு அளப்பதுபோல வானத்தில் அளக்க முடியாது. ஒவ்வொரு விமானநிலையத்துக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை என்று பூமியில் ஒரு முகவரி உண்டு. கோவை விமானநிலையம் வடக்கே 11 டிகிரி, கிழக்கே 77 டிகிரி. ஷார்ஜா வடக்கே 25.3 டிகிரி, கிழக்கே 55.5 டிகிரி. இந்த 2 முகவரியையும் வைத்து கணக்குப்போட்டால் தூரம் வந்துவிடும்.

வீட்டிலேயே இதை செய்து பார்க்கலாம். பிள்ளைகள் படிக்கிற உலக உருண்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நம்ம ஊரில் நூலுக்கா பஞ்சம்? ஒரு முழம் நூலை எடுத்து, ஒரு முனையை கோவை மேலே வையுங்கள். மறு முனையை ஷார்ஜா மேலே வைத்து இறுக்கி இழுங்கள். நூல் எந்த வழியாக படிகிறதோ அதுதான் மிக குறுக்கு வழி.

அந்த நூல் கோவையில் இருந்து வடமேற்காக கிளம்பும். நீலகிரி மலை, வயநாடு தாண்டி மங்களூர் பக்கம் கடலை தொடும். அதன்பிறகு அரபிக்கடல்தான். கீழே தண்ணீரைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. ஓமன் நாட்டின் மஸ்கட் பக்கத்தில் மறுபடி தரையை தொட்டு, மலையை தாண்டினால் ஷார்ஜா.

சுவரில் மாட்டி இருக்கும் தட்டையான உலகப்படத்தில் ஸ்கேல் வைத்து அளந்தால் இந்த கணக்கு சரியாக வராது. உருண்டையாக இருக்கும் பூமியை தட்டையாக விரித்தால் சில இடம் இழுபடும், சில இடம் சுருங்கும். டியூப் துணியை வெட்டி விரிக்கும்போது இழுபடுகிற மாதிரிதான். பக்கத்து ஊருக்கு பெரிய வித்தியாசம் தெரியாது. அமெரிக்கா மாதிரி தூர தேசத்துக்கு போகும்போது வித்தியாசம் ஆயிரக்கணக்கான கி.மீ. ஆகிவிடும்.

4 மணி நேரம் எப்படி வருகிறது?

இந்த தடத்தில் பல வருஷமாக பறக்கும் நிறுவனம் ஏர் அரேபியா. 2003-ம் ஆண்டு ஷார்ஜாவை தலைமையிடமாக வைத்து தொடங்கிய நிறுவனம் அது. அவர்கள் ஓட்டுவது ஏர்பஸ் ஏ320 ரக விமானம். இந்த விமானம் மேலே போய் நிதானமாக பறக்கும்போது மணிக்கு சுமார் 830 கி.மீ. வேகம்.

2,770-ஐ 830-ஆல் வகுத்தால் 3 மணி 20 நிமிஷம் வரும். அப்படி என்றால் 4 மணி நேரம் என்று ஏன் போடுகிறார்கள்?

நம்ம ஊரில் பஸ் பழைய பஸ் நிலையத்தை விட்டு கிளம்பிய உடனே 80-ல் போகுமா? அவினாசி ரோட்டை பிடிக்கிற வரைக்கும் உருட்டிக்கொண்டுதானே போகும்? விமானமும் அப்படித்தான்.

முதலில் நிற்கும் இடத்தில் இருந்து பின்னால் தள்ள வேண்டும். பிறகு ஓடுபாதை வரை மெதுவாக ஊர்ந்து போக வேண்டும். அனுமதி வரும் வரை காத்திருக்க வேண்டும். ஏறிய பிறகும் 35 ஆயிரம் அடி உயரத்தை தொட 20 நிமிஷத்துக்கு மேல் ஆகும். அதுவரை முழு வேகம் கிடையாது. இறங்கும்போதும் அதே கதை. ஷார்ஜா பக்கத்திலேயே துபாய் விமானநிலையம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே நேர் தூரம் 20 கி.மீ. கூட இல்லை. அந்த வானத்தில் அவ்வளவு நெரிசல். வரிசையில் நின்று, வளைந்து வளைந்துதான் இறங்க வேண்டும்.

டிக்கெட்டில் போட்டிருக்கும் "புறப்படும் நேரம்" என்பது சக்கரம் தரையை விட்டு எழும்பும் நேரம் இல்லை. நிற்கும் இடத்தை விட்டு விமானம் நகர ஆரம்பிக்கும் நேரம். "சேரும் நேரம்" என்பதும் தரையை தொடும் நேரம் இல்லை. போய் நிற்கும் நேரம். இவை எல்லாம் சேர்ந்துதான் சுமார் 4 மணி நேரம்.

பனியன் கம்பெனி கணக்கில் சொல்வதானால் சரியாக அரை ஷிப்டு. காலையில் மெஷினில் உட்கார்ந்து, மத்தியானம் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கிற நேரத்துக்குள் ஷார்ஜா போய்விடலாம்.

காற்று கூட்டும், குறைக்கும்

நொய்யல் பாலத்தில் எதிர்காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். மேலே அடிக்கிற காற்று விமானத்தை தள்ளவும் செய்யும், தடுக்கவும் செய்யும்.

காற்று எதிரே மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் அடித்தால் 830 என்பது 770 ஆகிவிடும். அதே தூரத்துக்கு 3 மணி 36 நிமிஷம் பிடிக்கும். அதே காற்று முதுகில் அடித்தால் 890 ஆகிவிடும். 3 மணி 7 நிமிஷத்தில் முடிந்துவிடும். அரை மணி நேர வித்தியாசம்.

குளிர்காலத்தில் வடக்கே மேல் வானத்தில் காற்று மேற்கில் இருந்து கிழக்காக பலமாக அடிக்கும். அதனால் அங்கே இருந்து இங்கே வரும்போது சில நிமிஷம் மிச்சமாகும். இங்கே இருந்து அங்கே போகும்போது சில நிமிஷம் கூடும். ஒரே ரோடு, ஒரே வண்டி, ஆனாலும் போக ஒரு நேரம் வர ஒரு நேரம் ஆவதற்கு காரணம் இதுதான்.

அந்த ஒன்றரை மணி நேரம் எங்கே போனது?

இப்போது கட்டிங் மாஸ்டர் கதைக்கு வருவோம்.

பூமி 24 மணி நேரத்தில் 360 டிகிரி சுற்றுகிறது. அப்படி என்றால் 1 மணி நேரத்துக்கு 15 டிகிரி. 1 டிகிரிக்கு 4 நிமிஷம். கிழக்கே இருப்பவனுக்கு முதலில் விடியும். மேற்கே இருப்பவனுக்கு பிறகு விடியும்.

இந்தியா முழுக்க ஒரே கடிகாரம். அது கிழக்கே 82.5 டிகிரியை வைத்து ஓடுகிறது. அலகாபாத் பக்கம் போகிற கோடு அது. ஐக்கிய அரபு நாடுகளின் கடிகாரம் 60 டிகிரியை வைத்து ஓடுகிறது. வித்தியாசம் 22.5 டிகிரி. அதை 4-ஆல் பெருக்கினால் 90 நிமிஷம். அதாவது ஒன்றரை மணி நேரம்.

நமக்கு ராத்திரி 11 மணி என்றால் ஷார்ஜாவில் அப்போதுதான் ஒன்பதரை. தம்பி "ஒன்பதரைக்கு பிளேன்" என்று சொன்னது ஷார்ஜா கடிகாரப்படி. நம்ம கடிகாரத்தில் அது 11 மணி. 11 மணியோடு 4 மணி நேரத்தை கூட்டினால் விடிய 3 மணி. விமானம் சொன்ன நேரத்துக்குத்தான் வந்தது.

டிக்கெட்டை பொறுத்தவரை உலகம் முழுக்க ஒரே விதிதான். புறப்படும் நேரம் என்பது புறப்படும் ஊரின் நேரம். சேரும் நேரம் என்பது சேரும் ஊரின் நேரம். இதை மட்டும் மனதில் வைத்தால் போதும்.

உதாரணத்துக்கு, கோவையில் விடிய 4 மணிக்கு ஏறினால் டிக்கெட்டில் ஷார்ஜா 6.30 என்று இருக்கும். பார்க்க இரண்டரை மணி நேரம் மாதிரி தெரியும். ஆனால் சீட்டில் உட்கார்ந்து இருப்பது 4 மணி நேரம். திரும்பி வரும்போது ராத்திரி 9.30-க்கு ஏறினால் டிக்கெட்டில் கோவை 3.00 என்று இருக்கும். பார்க்க ஐந்தரை மணி நேரம் மாதிரி தெரியும். அதுவும் 4 மணி நேரம்தான்.

சுருக்கமாக ஞாபகம் வைக்க ஒரு வழி:-

* இங்கே இருந்து அங்கே போகும்போது: டிக்கெட்டில் தெரியும் நேரத்தோடு ஒன்றரை கூட்டுங்கள்.
* அங்கே இருந்து இங்கே வரும்போது: டிக்கெட்டில் தெரியும் நேரத்தில் ஒன்றரை கழியுங்கள்.
* போனில் பேசும்போது "உங்க நேரமா, எங்க நேரமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சிங்கப்பூர் என்றால் கணக்கு தலைகீழ். அது நமக்கு கிழக்கே இருக்கிறது. அவர்கள் கடிகாரம் நம்மை விட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அதனால் போகும்போது டிக்கெட்டில் நேரம் அதிகமாக தெரியும். வரும்போது குறைவாக தெரியும்.

தேதியில் ஏமாறாதீர்கள்!

நேரத்தை விட பெரிய ஆபத்து தேதி. வளைகுடா விமானங்கள் பெரும்பாலும் நடுராத்திரி, விடியக்காலை நேரத்தில்தான் வந்து போகின்றன. விமான டிக்கெட்டில் 24 மணி நேர கணக்கு போடுவார்கள். ராத்திரி 12 மணி என்றால் 00.00. அதோடு தேதியும் மாறிவிடும்.

டிக்கெட்டில் "12-ந்தேதி 00.40" என்று இருந்தால் 11-ந்தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டு கிளம்ப வேண்டும். "12-ந்தேதி ராத்திரிதானே" என்று மறுநாள் பெட்டியை தூக்கிக்கொண்டு போனால், விமானம் போய் ஒரு நாள் ஆகி இருக்கும். இப்படி டிக்கெட் பணத்தை விட்டவர்கள் நம்ம ஊரிலேயே உண்டு. கடன் வாங்கி எடுத்த டிக்கெட் ஒரே நாளில் வெறும் காகிதம் ஆகிவிடும்.

அதனால் டிக்கெட் கையில் கிடைத்த உடனே வீட்டு காலண்டரில் எழுதி வையுங்கள். எழுதும்போது "விமானம் கிளம்பும் நேரம்" என்று எழுதாதீர்கள். "வீட்டை விட்டு கிளம்பும் நேரம்" என்று எழுதுங்கள். அதுதான் முக்கியம்.

வீட்டு வாசல் கணக்கு

விமானநிலையத்தில் இருந்து விமானநிலையம் 4 மணி நேரம். சரி. வீட்டு வாசலில் இருந்து ரூம் வாசல் வரை எவ்வளவு?

திருப்பூரில் இருந்து அவினாசி, கருமத்தம்பட்டி, நீலாம்பூர், சின்னியம்பாளையம் வழியாக கோவை விமானநிலையம் சுமார் 45 கி.மீ. காரில் ஒன்றேகால் மணி நேரம் வையுங்கள். காலை, மாலை நெரிசலில் இன்னும் கூடும். பஸ்சில் போகிறவர்கள் சிட்ரா ஸ்டாப்பில் இறங்கி ஆட்டோ பிடிக்க வேண்டும். நடுராத்திரியில் பெட்டியோடு இது சிரமம்.

வெளிநாட்டு விமானத்துக்கு 3 மணி நேரம் முன்னாடியே போக வேண்டும். பெட்டி எடை போட, பாஸ்போர்ட் பார்க்க, சோதனை முடிய நேரம் பிடிக்கும். விமானம் கிளம்ப 1 மணி நேரத்துக்கு முன்னாலேயே கவுண்டரை மூடிவிடுவார்கள். மூடிய பிறகு அழுதாலும் திறக்க மாட்டார்கள்.

அங்கே இறங்கிய பிறகு பாஸ்போர்ட் வரிசை, பெட்டி வரும் வரை காத்திருப்பு என்று 1 மணி நேரம். ரூம் போய் சேர இன்னும் அரை மணி, முக்கால் மணி நேரம்.

எல்லாவற்றையும் கூட்டினால் 10 மணி நேரம் வருகிறது. கம்பெனி கணக்கில் ஒன்றேகால் ஷிப்டு. இதில் வானத்தில் இருப்பது பாதி நேரம் கூட இல்லை.

"கொச்சியில டிக்கெட் கம்மிங்க, அங்க போயிரலாமா?" என்று சிலர் கேட்கிறார்கள். கொச்சி நெடும்பாசேரியில் இருந்து வளைகுடாவுக்கு பறக்கும் தூரமும் கிட்டத்தட்ட இதே அளவுதான். ஆனால் திருப்பூரில் இருந்து நெடும்பாசேரி ரோட்டில் 200 கி.மீ.க்கு மேல். பாலக்காடு, திருச்சூர் வழியாக 4 மணி நேரத்துக்கு மேல் ஆகும். கார் வாடகை, டோல்கேட், வழியில் சாப்பாடு எல்லாம் சேர்த்துப் பாருங்கள். டிக்கெட்டில் மிச்சம் ஆனது ரோட்டில் போய்விடக்கூடாது. 3, 4 பேர் சேர்ந்து ஒரே காரில் போனால் கட்டுப்படி ஆகலாம். ஒற்றை ஆளுக்கு யோசிக்க வேண்டும்.

இதே வாசல் கணக்கை சென்னைக்கும் போட்டுப் பாருங்கள். கோவை - சென்னை விமானம் 1 மணி நேரத்துக்கு கொஞ்சம் அதிகம்தான். ஆனால் திருப்பூரில் இருந்து கோவை போய், 2 மணி நேரம் முன்னால் காத்திருந்து, பறந்து, மீனம்பாக்கத்தில் வெளியே வர 5 மணி நேரம் ஆகிவிடும். 2023-ம் ஆண்டு ஏப்ரல் 8-ந்தேதி தொடங்கிய கோவை - சென்னை வந்தே பாரத் ரெயில் திருப்பூர் ஸ்டேஷனிலேயே நிற்கிறது. அதில் ஏறினால் ஐந்தேகால் மணி நேரத்தில் சென்ட்ரல். கால் மணி நேர வித்தியாசத்துக்கு எவ்வளவு காசு கொடுக்கலாம் என்பது அவரவர் கையில்.

பனியனுக்கும் இதே கணக்குதான்

"நமக்கு எங்கேங்க பிளேன்? நாம மெஷின்ல உட்கார்ற ஆளு" என்று நினைக்கிறவர்களுக்கும் இதில் சங்கதி இருக்கிறது. நீங்கள் தைத்த சட்டை பிளேனில் போகிறது.

விமானத்தில் மேலே ஆட்கள் உட்கார்ந்து இருக்க, கீழே வயிற்றுப்பகுதியில் பெட்டிகளும் சரக்கும் போகின்றன. சாம்பிள் துணி, அவசர ஆர்டர் எல்லாம் இப்படி பறக்கும்.

இங்கே ஒரு ஆச்சரியமான கணக்கு. கோவையில் இருந்து ஜெர்மனி பிராங்பர்ட் நகரத்துக்கு நேர்கோட்டில் சுமார் 7,540 கி.மீ. ஷார்ஜாவில் இறங்கி ஏறிப் போனால் 2,770-ம், ஷார்ஜா - பிராங்பர்ட் 4,850-ம் சேர்த்து சுமார் 7,620 கி.மீ. சுற்று வெறும் 80 கி.மீ. தான்! திருப்பூரில் இருந்து கோவை விமானநிலையம் போய் திரும்பி வரும் தூரத்தை விட இது குறைவு.

அதாவது உலக உருண்டையில் நூலை கோவைக்கும் ஐரோப்பாவுக்கும் இறுக்கி இழுத்தால் வளைகுடா நாடுகள் கிட்டத்தட்ட அந்த நூல் மேலேயே உட்கார்ந்து இருக்கின்றன. துபாய், தோகா, ஷார்ஜா எல்லாம் பெரிய மாறும் நிலையங்களாக வளர்ந்ததற்கு எண்ணெய்ப் பணம் மட்டும் காரணம் இல்லை. இருக்கிற இடமும் காரணம்.

கப்பலில் போனால் கணக்கு வேறு. தூத்துக்குடியில் ஏற்றி, சூயஸ் கால்வாய் வழியாக ஐரோப்பா சேர 3, 4 வாரம் ஆகும். 2023-ம் ஆண்டு கடைசியில் செங்கடலில் கப்பல்கள் மீது ஹவுதி படையினர் தாக்குதல் தொடங்கிய பிறகு, பல கப்பல்கள் ஆப்பிரிக்காவை சுற்றிக்கொண்டு போயின. அதனால் 10 நாளில் இருந்து 2 வாரம் வரை கூடிப்போனது.

அந்த 2 வாரத்தை எங்கே மிச்சம் பிடிப்பது? கம்பெனியில்தான். ஆர்டர் தேதி மாறாது. கப்பல் நாள் கூடினால் தைக்கிற நாள் குறையும். அப்போதுதான் ஒன்றரை ஷிப்டு, ரெண்டு ஷிப்டு என்று விடிய விடிய மெஷின் ஓடும். அப்படியும் முடியாவிட்டால் சரக்கை விமானத்தில் அனுப்ப வேண்டும். கப்பல் வாடகையை விட விமான வாடகை பல மடங்கு. தாமதம் கம்பெனி மேலே என்றால் அந்த காசும் கம்பெனி தலையில்தான் விழும். அந்த ஆர்டரில் லாபம் போச்சு. அடுத்து போனஸ் பேச்சு வரும்போது முதலாளி முகம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியது இல்லை.

விமானமும் எல்லா நாளும் கை கொடுக்காது. 2010-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஐஸ்லாந்தில் எரிமலை வெடித்து சாம்பல் பரவியதால் ஐரோப்பாவில் பெரும்பகுதி வானத்தை ஒரு வாரம் போல மூடிவிட்டார்கள். 2025-ம் ஆண்டு ஜூன் 23-ந்தேதி இரவு, ஈரான் - இஸ்ரேல் சண்டையின்போது கத்தார் உள்பட சில வளைகுடா நாடுகள் வான்வெளியை சில மணி நேரம் மூடின. அப்போது 4 மணி நேர பயணம் எல்லாம் எத்தனை மணி நேரம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

துபாய்க்கு நேரடி விமானம் ஏன் இல்லை?

டீக்கடையில் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. ஷார்ஜாவுக்கும் துபாய்க்கும் நடுவே இவ்வளவு கிட்டம். அதற்கு விமானம் உண்டு, இதற்கு ஏன் இல்லை?

வெளிநாட்டு விமான நிறுவனம் நினைத்த ஊரில் வந்து இறங்க முடியாது. எந்தெந்த ஊருக்கு, வாரத்துக்கு எத்தனை சீட் என்று 2 நாட்டு அரசும் ஒப்பந்தம் போட வேண்டும். துபாய், ஷார்ஜா, அபுதாபி மூன்றும் ஒரே நாடுதான் என்றாலும் இந்தியாவோடு தனித்தனி ஒப்பந்தம். ஷார்ஜாவுக்கான பட்டியலில் கோவை இருக்கிறது. துபாய் நிறுவனங்களுக்கான பட்டியலில் கோவை இல்லாமல் போனதுதான் சிக்கல். இதை சேர்க்கச் சொல்லி கோவை, திருப்பூர் தொழில்துறையினர் பல வருஷமாக கேட்டு வருகிறார்கள். அபுதாபிக்கு 2024-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இண்டிகோ நிறுவனம் கோவையில் இருந்து விமானம் விட்டது. அது இந்திய நிறுவனம்.

இன்னொரு விஷயம் ஓடுபாதை. கோவை விமானநிலையம் 1940-ம் ஆண்டு தொடங்கியது. 2012-ம் ஆண்டுதான் சர்வதேச விமானநிலையம் என்ற அந்தஸ்து கிடைத்தது. ஓடுபாதை நீளம் 2,990 மீட்டர். அதாவது 3 கி.மீ.க்கு 10 மீட்டர் குறைவு. ஏ320 மாதிரி விமானத்துக்கு இது தாராளம். ஆனால் ஐரோப்பா வரை நிற்காமல் போக நிறைய எரிபொருள் நிரப்பி, நிறைய சரக்கு ஏற்றுகிற பெரிய விமானத்துக்கு எழும்ப நீள ஓட்டம் வேண்டும். கோவை கடல் மட்டத்தில் இருந்து 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரம் கூடினாலும், வெயில் கூடினாலும் காற்று லேசாகிவிடும். லேசான காற்றில் விமானம் எழும்ப இன்னும் அதிக தூரம் ஓட வேண்டும்.

ஓடுபாதையை நீட்ட 600 ஏக்கருக்கு மேல் நிலம் எடுக்கும் பேச்சு 2010-ம் ஆண்டு வாக்கில் இருந்தே நடந்தது. நில உரிமையாளர்களுக்கு இழப்பீடு, கோர்ட்டு, ஒப்படைப்பு என்று வருஷக்கணக்கில் இழுத்தது. ஓடுபாதை நீண்டால் சரக்கு கொச்சிக்கும் சென்னைக்கும் பெங்களூருக்கும் லாரியில் ஓட வேண்டிய அவசியம் குறையும்.

கிளம்பும் முன் கவனிக்க வேண்டியவை

வேலைக்கு போகிறவர்கள் நேரத்தை மட்டும் பார்த்தால் போதாது.

* பாஸ்போர்ட் காலாவதி ஆக குறைந்தது 6 மாதம் பாக்கி இருக்க வேண்டும்.
* 10-ம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட் "இ.சி.ஆர்." வகையில் வரும். ஐக்கிய அரபு நாடுகள் உள்பட 18 நாடுகளுக்கு இவர்கள் வேலைக்கு போக, குடிபெயர்வோர் பாதுகாவலர் அனுமதி கட்டாயம். அரசின் இ-மைகிரேட் இணையதளம் மூலம் இதை வாங்க வேண்டும். இல்லாவிட்டால் விமானநிலையத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.
* "விசிட் விசாவில் போங்க, அங்கே போய் மாத்திக்கலாம்" என்று ஏஜெண்டு சொன்னால் நம்பி ஏமாறாதீர்கள். அரசிடம் பதிவு செய்த ஏஜெண்டுதானா என்று அதே இணையதளத்தில் பார்க்கலாம்.
* பாஸ்போர்ட், விசா, டிக்கெட் நகல் ஒரு செட் வீட்டில் இருக்கட்டும்.
* விமான எண்ணை வீட்டில் எழுதிக் கொடுங்கள். விமானம் கிளம்பியதா, எத்தனை மணிக்கு இறங்கும் என்பதை அந்த எண்ணை வைத்தே செல்போனில் பார்த்துவிடலாம்.

கடைசியாக சொன்னது சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனால் அன்று ராத்திரி விமானநிலைய வாசலில் நின்ற அண்ணன் கையில் அந்த எண் இருந்திருந்தால், வீட்டில் அத்தனை பேர் ஒன்றரை மணி நேரம் பதறி இருக்க வேண்டாம்.

தம்பி வந்து சேர்ந்தது விடிய 5 மணிக்கு. அம்மா முகத்தை பார்த்துவிட்டார். காலை 10 மணிக்கு எல்லாம் நல்லபடியாக முடிந்தது.

"அந்த ஒன்றரை மணி நேரம் நாங்க பட்ட பாடு இருக்குதே... இன்னைக்கு வரைக்கும் எங்க வீட்டு சுவத்துல ரெண்டு கடிகாரம் மாட்டி இருக்கோமுங்க. ஒண்ணு நம்ம நேரம். இன்னொண்ணு தம்பி நேரம்" என்றார் கட்டிங் மாஸ்டர்.

டீ காசை கொடுத்துவிட்டு அவர் மணியை பார்த்தார். மத்தியானம் 1.45. "அவனுக்கு இப்போ பன்னண்டேகாலுங்க. இன்னும் சாப்பாட்டுக்கு விட்டிருக்க மாட்டாங்க" என்றபடி கம்பெனிக்கு கிளம்பினார்.